பஸ் நிலையத்தில் நிற்கிறவர்: திசை தேடிய ஒருவரின் மனப்படம் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வு ஒரே ஒருவரைப் பற்றியது. வயது 31. திருகோணமலை நகரத்தின் கடற்கரைக் குடியிருப்பு ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். பட்டதாரி. மாவட்டத்துப் பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறார். அப்பா சொந்த வள்ளத்தில் தொழில் செய்தவர். நீரிழிவில் காலில் வந்த புண் ஆறாமல் இழுத்தடித்த பிறகு கடலுக்குப் போவதை விட்டுவிட்டார். அம்மா வீட்டில். அண்ணா குடும்பத்தோடு கனடாவில். தங்கை திருமணமாகி செல்வநாயகபுரத்தில். உளவளத்துணை தேடி வருபவர்களை உவர்மலையில் ஒரு சிறிய அறையில் சந்திப்பது என் வேலை. அங்கே அவர் தானாகத்தான் வந்தார், யாரும் அனுப்பி வைக்கவில்லை. இதை அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். அறையில் அவர் என்னை அக்கா என்றார், நான் தம்பி என்றேன். இங்கும் அப்படியே அழைக்கிறேன்.

வந்தவுடன் அவர் சொன்னது இது: "அக்கா, நான் பிழையான இடத்தில நிக்கிறன் எண்டு மட்டும் தெரியுது. சரியான இடம் எது எண்டு தெரியல்ல."

2022ஆம் ஆண்டு நெருக்கடியில் எரிபொருள் வரிசையும் விலையேற்றமும் நாட்டை உலுக்கியபோது, அவரோடு படித்தவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். அதே ஆண்டு அரச ஊழியர்கள் 5 வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று அரசாங்கமும் அனுமதித்தது. அன்றிலிருந்து அண்ணா தொலைபேசியில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எப்ப வெளிக்கிடுறாய்?" தம்பியிடம் பதில் இல்லை. போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை, போகிறேன் என்றும் சொல்லவில்லை. இடையில் வருடங்கள் போய்விட்டன.

கணக்கு சரி, முடிவு இல்லை

அவர் ஆயத்தம் இல்லாமல் வரவில்லை. மடிக்கணினியில் எக்செல் அட்டவணை ஒன்று இருந்தது. ஒரு பக்கம் கனடா, மறுபக்கம் இங்கேயே இருத்தல். வருமானம், பெற்றோர், பதவி உயர்வு, மொழி, கல்யாணம் என்று வரிசையாகப் போட்டு ஒவ்வொன்றுக்கும் புள்ளி கொடுத்திருந்தார். கூட்டுத்தொகை இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுதான். "புள்ளிய மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தன். எந்தப் பக்கம் கூட வந்தாலும் மனசு மற்றப் பக்கம் போகுது."

இப்படி ஓர் அட்டவணை போடத் தெரிந்தவருக்குத் தகவல் பற்றாக்குறை இருக்க முடியாது. அந்த அட்டவணையை நான் குறை சொல்லவில்லை. கடைசியில் அது தேவைப்படும் என்று மூடி வைக்கச் சொன்னேன். புள்ளி போடுகிற ஆள் எங்கே நின்றுகொண்டு போடுகிறார் என்று அட்டவணை காட்டாது. 'பெற்றோர்' என்ற வரிசைக்கு அவர் 10இல் 9 கொடுத்திருந்தார். அந்த 9 பாசமா, பயமா, கடனா, பழக்கமா? இலக்கத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அதனால்தான் படத்துக்குப் போனோம்.

ஏன் படம்

வாழ்க்கையைப் பற்றி நாம் நேரடியாகப் பேசுவது குறைவு. வேறு ஏதோ ஒன்றாக வைத்துத்தான் பேசுகிறோம். பிள்ளைகளைக் கரை சேர்க்க வேண்டும் என்கிறோம், நட்டாற்றில் விட்டுவிட்டுப் போனான் என்கிறோம், அவன் மேலே போய்விட்டான், இவன் பின்தங்கிவிட்டான் என்கிறோம். இப்படிப்பட்ட உருவகங்கள் பேச்சுக்கு அலங்காரம் மட்டும் இல்லை, சிந்தனையே அவற்றின் மேல்தான் ஓடுகிறது என்று 1980இல் மொழியியலாளர் ஜார்ஜ் லேக்கோஃப், மெய்யியலாளர் மார்க் ஜோன்சன் இருவரும் விரிவாக வாதிட்டார்கள். வாழ்க்கையைப் பயணமாகப் பார்ப்பது அவர்கள் காட்டிய பெரிய உதாரணங்களில் ஒன்று.

தொழில் வாழ்க்கையைப் பற்றி மட்டும் எடுத்தாலும் ஆட்கள் பல படங்களை வைத்திருக்கிறார்கள். நியூசிலாந்து ஆய்வாளர் கெர் இங்க்சன் 2004இல் அவற்றை ஒன்பது வகையாகத் தொகுத்தார்: பயணம், பருவங்கள், பொருத்தம் பார்த்தல், பரம்பரைச் சொத்து, கைவினை, நாடகப் பாத்திரம், உறவு வலை, வளம், கதை. ஒரே படத்தில் முழு வாழ்க்கையும் அடங்காது, ஒவ்வொன்றும் ஒரு பக்கத்தைக் காட்டி இன்னொன்றை மறைக்கும் என்பது அவருடைய வாதம். இந்த ஆய்வில் அதுதான் எனக்கு அதிகம் உதவியது.

உருவகம் முடிவை மாற்றுமா என்ற கேள்விக்கு ஆய்வுலகில் ஒரே பதில் இல்லை. 2011இல் உளவியலாளர்கள் போல் திபோடோ, லேரா பொரோடிட்ஸ்கி இருவரும் ஒரு கற்பனை நகரத்தின் குற்றங்களைப் பற்றி ஆட்களுக்கு வாசிக்கக் கொடுத்தார்கள். குற்றத்தைக் கொடிய மிருகம் என்று வாசித்தவர்கள் பிடித்து அடைப்பதைப் பற்றி அதிகம் சொன்னார்கள். தொற்றுநோய் என்று வாசித்தவர்கள் காரணத்தைத் தேடித் திருத்துவது பக்கம் கூடுதலாகச் சாய்ந்தார்கள். ஏன் அப்படி முடிவெடுத்தீர்கள் என்று கேட்டால், அந்த உருவகத்தைச் சுட்டியவர்கள் மிகக் குறைவு. ஆனால் 2014இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அதே மாதிரியான சோதனையைச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. ஒரு சொல்லை மாற்றினால் வாழ்க்கை மாறும் என்று யாராவது விற்க வந்தால் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது. ஒருவருக்கு வெளியிலிருந்து கொடுக்கும் உருவகம் வேறு, அவர் வருடக்கணக்காக உள்ளே சுமந்து திரியும் படம் வேறு. நான் வேலை செய்வது இரண்டாவதோடு.

படம்

"இப்ப உங்கட வாழ்க்கை எதைப் போல இருக்கு? முதல்ல மனசில வாறத வரையுங்க. வடிவா இருக்கத் தேவையில்ல" என்று ஒரு பெரிய தாளும் பென்சில்களும் கொடுத்தேன்.

கடற்கரைப் பிள்ளை என்றால் கடலைத்தான் வரைவார் என்று யாரும் நினைப்பார்கள். இந்த ஊரில் அலையும் வள்ளமும் வெளிச்சவீடும் அடிக்கடி வரும்தான். தம்பி வரைந்தது பஸ் நிலையம். விடியாத நேரம், மஞ்சள் விளக்குகள், ஊர்ப் பெயர்கள் எழுதிய பலகைகள், வரிசையாகப் புறப்படும் பஸ்கள். ஜன்னல்களில் முகங்கள். அண்ணா, பல்கலைக்கழக நண்பர்கள், ஒன்றாக வேலைக்குச் சேர்ந்து பிறகு போய்விட்ட ஒருவர். தாளின் இடது கீழ் மூலையில், நமக்கு முதுகு காட்டியபடி, கையில் பையோடு ஒரு சின்ன உருவம்.

"எல்லாரையும் ஏத்திப்போட்டு நிக்கிற ஆள்தான் நான்."

இந்த இடத்தில் ஆலோசகருக்கு வரும் பெரிய ஆசை விளக்கம் சொல்வது. முதுகு காட்டி நிற்கிறீர்கள், ஆகவே ஒதுங்கிப் போகிறீர்கள்; மூலையில் வரைந்திருக்கிறீர்கள், ஆகவே தாழ்வு மனப்பான்மை. இப்படிச் சொல்லிவிட்டால் படம் அவருடையதாக இருக்காது, ஆலோசகருடையதாகிவிடும். நியூசிலாந்தில் பிறந்த உளச்சிகிச்சையாளர் டேவிட் குரோவ் 1980களில் இதற்காகவே ஒரு கேள்வி முறையை உருவாக்கினார். வந்தவர் சொன்ன சொல்லையே எடுத்து, நம் சொல் எதையும் சேர்க்காமல் கேட்பது: அது எப்படிப்பட்டது? அதைப் பற்றி வேறு ஏதாவது இருக்கிறதா? அது எங்கே இருக்கிறது? அதற்குப் பிறகு என்ன நடக்கிறது? கேட்க எளிது. ஆனால் நாக்கைக் கட்டிப்போட்டுக்கொண்டு இதை மட்டும் கேட்பது கடினமான வேலை.

"அது எப்படிப்பட்ட பஸ் ஸ்டாண்ட்?"

"போறதுக்கு மட்டும் உள்ள ஸ்டாண்ட். ஒரு பஸ்ஸும் வாறதில்ல."

"கையில இருக்கிற பை எப்படிப்பட்ட பை?"

பயணப் பை என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்தினார். "அது என்ர பை இல்ல அக்கா."

பைக்குள் என்ன இருக்கிறது என்று அவரே தொடர்ந்தார். அப்பாவின் கிளினிக் கொப்பி. வீட்டு உறுதிப்பத்திரம். அண்ணாவுக்காக எடுத்து அனுப்ப வேண்டிய ஏதோ கடிதங்கள். அம்மாவின் சங்கிலி அடகு வைத்த துண்டு. தன்னுடையது என்று சொல்ல ஒரு சேர்ட் கூட அதில் இல்லை.

எக்செல் அட்டவணையில் 9 என்று இருந்தது இதுதான். அவர் அதுவரை தன்னைப் போகத் துணிவில்லாதவர் என்று நம்பியிருந்தார். அப்பாவை மாதாமாதம் கிளினிக்குக் கூட்டிப்போவது, வரிசையில் நிற்பது, மருந்து வாங்குவது, புண்ணுக்குக் கட்டு மாற்ற ஆள் பிடிப்பது எல்லாம் அவர்தான். அண்ணா தவறாமல் காசு அனுப்புகிறார், அதில் குறையில்லை. ஆனால் காசு அனுப்புவதும் ஆளாக நிற்பதும் இரண்டு வேலை என்று அந்த வீட்டில் யாரும் வாய் திறந்து பேசியதில்லை. பேசாத வேலை பையாகக் கையில் இருந்தது.

ஒரே வீட்டில் நான்கு படங்கள்

அடுத்த சந்திப்புக்கு முன் ஒரு வேலை கொடுத்தேன். வீட்டிலுள்ள மற்றவர்கள் அவருடைய வாழ்க்கையை எதைப் போலப் பார்க்கிறார்கள் என்று கேட்டு வரச் சொன்னேன். வரையத் தேவையில்லை, அவர்கள் சொல்வதைக் கவனித்தால் போதும்.

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

அண்ணாவுடையது ஏணி. "மேல வா, அங்கயே இருந்தா அடுத்த படி இல்ல." ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம், பல்கலைக்கழகம், அரச வேலை என்று நம் பிள்ளைகளைப் படி படியாக ஏற்றிக்கொண்டு வரும் அமைப்பு இந்தப் படத்தைத்தான் எல்லோருக்கும் கொடுக்கிறது. அரச சேவையின் தர உயர்வும் அப்படியே. ஏணியில் நிற்பவருக்கு இரண்டே திசைதான்: மேல், கீழ். பக்கத்தில் போக வழியில்லை. அந்த ஏணியை யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும் மேலே பார்ப்பவருக்குத் தெரியாது.

அம்மா சொன்னது எல்லாத் தாய்மாரும் சொல்வது: "உன்னையும் கரை சேத்திட்டா நான் கண்ண மூடலாம்." அந்தப் படத்தில் அம்மா நீந்திக்கொண்டிருக்கிறார், மகன் தோளில் இருக்கிறார். 31 வயது ஆளுக்குத் தோளில் இருப்பது எப்படி இருக்கும்? "கதைக்கவே ஏலாது அக்கா, இறங்கினா அவ தண்ணிக்க தாண்டிருவாவோ எண்டு பயம்."

அப்பாவிடம் கேட்கத் தம்பிக்குக் கூச்சம். கடைசியில் வள்ளத்தைப் பற்றிப் பேச்செடுத்து அப்படியே கேட்டிருக்கிறார். அப்பா சொன்ன பதிலை அவர் எழுதிக்கொண்டு வந்தார்: "மார்கழியில வள்ளத்தக் கரையில ஏத்தி வச்சவன் தொழில விட்டவனோ?"

வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் கரையில் வடகிழக்குக் காற்று வீசும் வாடைக்காலத்தில் கடல் பொங்கும். கார்த்திகை, மார்கழி, தையில் சிறு வள்ளங்களைப் பல நாள் இறக்க முடியாது. தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் மாதங்களில் கிழக்குக் கடல் அடங்கும். மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் அந்த நேரத்தில் நீர்கொழும்புப் பக்கத்துத் தொழிலாளர்கள்கூட இங்கே வந்து கரையில் வாடி என்ற தற்காலிகக் குடில் போட்டுத் தொழில் செய்வார்கள். அப்பாவுக்கு வாழ்க்கை என்பது பருவம். கரையில் இருக்கும் மாதங்களில் வலை பொத்துவார்கள், வள்ளத்துக்கு ஒட்டுப் போடுவார்கள். அதைச் சும்மா இருப்பது என்று யாரும் சொல்வதில்லை. இங்க்சன் தொகுத்த ஒன்பதில் பருவமும் ஒன்று. அந்தப் பட்டியலைக் கேள்விப்படாத ஒரு மனிதர் சொந்த அனுபவத்திலிருந்து அங்கே வந்து நிற்கிறார்.

நான்காவது தம்பியின் பஸ் நிலையம். நான்கையும் மேசையில் பரப்பி வைத்தோம். எது சரி என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு படத்திலும் எது தெரியவில்லை என்று கேட்டேன். ஏணியில் அப்பாவின் கிளினிக் தெரியவில்லை. கரையேற்றத்தில் தம்பியின் சொந்தக் கால்கள் தெரியவில்லை. பருவத்தில் வயதாவது தெரியவில்லை. இதை அவரே சொன்னார், "வாடை ஒவ்வொரு வருசமும் போயிரும், எனக்கு 31 திரும்ப வராதே" என்று. பஸ் நிலையத்தில் வருகிற பஸ் தெரியவில்லை.

நிற்கிற இடத்தை மாற்றுதல்

தன்னை வெளியே நின்று பார்ப்பதால் என்ன நடக்கிறது என்று உளவியலாளர்கள் ஈதன் குரொஸ், ஓஸ்லெம் அய்டக் இருவரும் நீண்ட காலம் ஆராய்ந்திருக்கிறார்கள். இன்னொரு உளவியலாளரான வோல்டர் மிஷெலோடு சேர்ந்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், கோபமூட்டிய பழைய சம்பவம் ஒன்றைத் தன் கண்ணாலேயே மீண்டும் பார்ப்பவர்களை விட, சற்றுத் தள்ளி நின்று தன்னையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் காரணத்தை ஆராயும்போது குறைவாகக் கொதித்தார்கள். அது கோபம் பற்றிய சோதனை, வாழ்க்கைத் திசை பற்றியது இல்லை. ஆனாலும் பார்க்கும் இடத்தை மாற்றலாம், மாற்றினால் வேறு விதமாகப் புரியும் என்ற அளவில் எனக்கு அது பயன்படுகிறது.

தம்பியின் படத்தில் மூன்று இடங்களிலிருந்து பார்த்தோம். முதலில் பஸ் ஜன்னல். அண்ணாவின் ஆசனத்தில் இருந்து வெளியே பார்த்தால் என்ன தெரிகிறது? "அண்ணாவுக்கு நான் வீட்டு வாசல்ல நிக்கிற ஆள். நான் நிக்கிற வரைக்கும் அவருக்கு வீடு இருக்கு." பிறகு சற்று யோசித்து, "அப்ப ஏன் வா வா எண்டு சொல்லுறார்?" என்றார். அந்தக் கேள்வியை என்னிடம் கேட்காமல் அண்ணாவிடமே கேட்கச் சொன்னேன். அன்றிரவு கேட்டார். தனிமை என்று அண்ணா சொன்னாராம். ஏணியில் அது இருக்கவில்லை.

இரண்டாவது, மேலிருந்து பார்ப்பது. இதை அவர் வீட்டில் வைத்து வரைந்தார். பெரிய தாளில் மாவட்டம் முழுக்க வந்துவிட்டது. நடுவே கொட்டியாரக் குடா, வடக்கே நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை, தெற்கே கிண்ணியா, மூதூர், ஈச்சிலம்பற்று, வெருகல். கண்டி வீதியும் அனுராதபுரம் வீதியும் வந்து நகரத்தில் முடிகின்றன. "எல்லாத் தெருவும் முடியிற இடம்" என்று நகரத்துக்குப் பக்கத்தில் எழுதியிருந்தார். அடுத்த நிமிடமே, "முடியிற இடம் எண்டா தொடங்குற இடமும்தானே அக்கா" என்று சிரித்தார். இப்படிப்பட்ட வசனங்கள் எளிதாக வரும், கேட்க இதமாக இருக்கும், மறுநாள் ஒன்றையும் மாற்றாது. அதைத் தாண்டிப் போய், வேறு ஏதாவது தெரிகிறதா என்று கேட்டேன்.

தெரிந்தது ஒரு நிறம். எல்லா பஸ்ஸும் பென்சிலில் இருக்க, ஈச்சிலம்பற்று போகும் பஸ்ஸை மட்டும் பச்சையில் தீட்டியிருந்தார். அவருக்கே ஏன் என்று தெரியவில்லை. பேசப் பேச வந்தது: அங்கே நடந்த நடமாடும் சேவை ஒன்றுக்குப் போயிருக்கிறார். 2006 சண்டையில் இடம்பெயர்ந்தபோது ஆவணங்கள் எல்லாம் தொலைந்துபோன ஒரு வயதான அம்மாவுக்குப் பிறப்புப் பதிவைத் தேடி, அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து, அது கையில் கிடைக்கும் வரை பின்னால் அலைந்திருக்கிறார். அது அவருடைய பிரிவு வேலைகூட இல்லை. இதைச் சொன்ன அரை மணி நேரமும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எக்செல் அட்டவணையில் இந்தச் சம்பவத்துக்கு வரிசையே இல்லை.

மூன்றாவது இடத்தை அவரே கண்டுபிடித்தார். பஸ் நிலையத்தில் நேரக் கணிப்பாளரின் கூண்டு. "டைம் கீப்பர் எங்கயும் போறதில்ல. ஆனா அவர் சீட்டுக் குடுக்காட்டி ஒரு பஸ்ஸும் வெளிக்கிடாது. அவர் கையில ஆக்களின்ர பை இல்ல, கொப்பிதான் இருக்கு."

ஆறுதலா, திசையா

இங்கே நான் அவசரப்படவில்லை. நேரக் கணிப்பாளர் என்பது போகாமல் இருப்பதற்கு அழகான சாட்டாகவும் இருக்கலாம். ஆகவே அவரிடம் நேராகக் கேட்டேன்: "திங்கட்கிழமை காலையில அந்த டைம் கீப்பர் செய்யிற முதல் வேலை என்ன?" ஒரு செயலும் பிறக்காத படத்தை நான் நம்புவதில்லை. சந்திப்பு முடிந்து வெளியே போகும்போது மனம் லேசாக இருக்கும், வேலைக்குப் போனதும் பழையபடி ஆகிவிடும்.

பதில் உடனே வரவில்லை. ஒரு வாரம் கழித்து வந்து சொன்னார். நேரக் கணிப்பாளர் முதலில் பையை உரியவர்களிடம் கொடுப்பாராம். அப்பாவின் கிளினிக்கை ஒரு மாதம் அவர், ஒரு மாதம் தங்கையும் மச்சானும் என்று பிரிப்பது. முச்சக்கரவண்டிச் செலவு அண்ணாவுடையது. வீட்டு உறுதிப்பத்திரத்தை அம்மாவின் பெயரில் பத்திரமாக வைப்பது. பிறகு கொப்பி. வெளிக்களப் பணி அதிகமுள்ள பிரதேச செயலகம் ஒன்றுக்கு இடமாற்றம் கேட்பது.

அதன் பிறகுதான் எக்செலைத் திறந்தோம். இடமாற்றத்தால் பயணச் செலவு எவ்வளவு கூடும், 5 வருட விடுமுறை எடுத்தால் வீட்டுக் கடன் தவணை என்னவாகும் என்று பார்த்தோம். அதே அட்டவணைதான், ஆனால் இப்போது வரிசைகள் வேறு. 'பெற்றோர்' என்று இருந்தது 'அப்பாவின் கிளினிக்', 'அம்மாவின் பயம்' என்று இரண்டாக உடைந்திருந்தது. முதலாவதை ஆளும் காசும் வைத்துத் தீர்க்கலாம். இரண்டாவதைத் தீர்க்க முடியாது, பேசலாம்.

பொருந்தாமல் போனது

வாழ்க்கை மரம் என்ற பயிற்சியையும் இடையில் கொடுத்துப் பார்த்தேன். சிம்பாப்வே உளவியலாளர் நாஸெலோ என்கூபே, அவுஸ்திரேலியாவின் டேவிட் டென்பரோ இருவரும் தென்னாபிரிக்கப் பிராந்தியத்தில் எய்ட்ஸால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்காக உருவாக்கியது அது. வேர் வந்த வழி, தண்டு திறமைகள், கிளைகள் எதிர்பார்ப்புகள், இலைகள் முக்கியமான மனிதர்கள். தம்பி வரைந்தது பனை. பனைக்குக் கிளை ஏது? எதிர்பார்ப்பை எங்கே எழுதுவது என்று தெரியாமல் பள்ளிக்கூடப் பயிற்சியைப் போல ஏதோ நிரப்பித் தந்தார். இன்னொருவருக்கு அதே பயிற்சி அருமையாக வேலை செய்திருக்கிறது. தம்பிக்குச் செய்யவில்லை, விட்டுவிட்டோம்.

தலைமுறையும் குறுக்கே வரும். கிண்ணியாவிலிருந்து வரும் வயதானவர்கள் தங்கள் நிலையைச் சொல்லும்போது 'பாதைக்குக் காத்திருக்கிற மாதிரி' என்பார்கள். வாகனங்களை ஏற்றி இக்கரையிலிருந்து அக்கரைக்குக் கொண்டுபோன அந்தப் பாதை என்ற மிதவை, அதற்கான நீண்ட காத்திருப்பு, காத்திருக்கும்போது குடித்த தேநீர் எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் இருக்கும். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு வளர்ந்த பிள்ளைக்கு அதைச் சொன்னால் ஒன்றும் விளங்காது. ஒருவரின் படத்தை இன்னொருவருக்கு இரவல் கொடுக்க முடியாது என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்கவில்லை.

எச்சரிக்கை

இந்த ஊரில் யாரிடமும் 'கடலை வரையுங்கள்', 'ஆற்றை வரையுங்கள்' என்று நான் ஆரம்பிப்பதில்லை. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 இங்கே பல வீடுகளில் இன்னும் முடியவில்லை. போரில் காணாமல் போனவர்களைத் தேடிக்கொண்டிருக்கும் குடும்பத்தில் 'வாசலில் நிற்கிறவர்' என்ற படம் வேறு பொருள் தரும். வாழ்க்கை மரத்தை உருவாக்கியவர்களும் இதை நன்றாக உணர்ந்திருந்தார்கள். துன்பத்தைப் பற்றிப் பேச்செடுப்பதற்கு முன் நிற்கப் பாதுகாப்பான ஓர் இடத்தை அமைத்துக் கொடுப்பதுதான் அந்த மரத்தின் நோக்கமே. வரையும்போது ஆளுக்கு மூச்சு வாங்கினால், கை நடுங்கினால், பழைய சம்பவம் கண்முன்னே ஓடத் தொடங்கினால், தாளை மூடிவிட்டு அந்த அறைக்குத் திரும்ப வர உதவ வேண்டும். திசை தெரியவில்லை என்று வருபவர் வாழவே விருப்பமில்லை என்று சொன்னால் அது படத்துக்குரிய வேலை இல்லை. வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போக வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

இது ஒருவரின் கதை என்பதையும் மறக்கக்கூடாது. இந்த மாதங்களில் அப்பாவின் புண் ஆறத் தொடங்கியது, தங்கை வேலையை விட்டு வீட்டில் இருந்தார். அவை இல்லாவிட்டால் கிளினிக்கைப் பிரிக்கும் பேச்சு இவ்வளவு சுமுகமாகப் போயிருக்குமா? படம் மட்டும் இதையெல்லாம் செய்தது என்று நான் சொல்லமாட்டேன். சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பை தன்னுடையதில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் அதைப் பற்றி வீட்டில் பேச முடிந்தது.

இப்போது

இடமாற்றம் கிடைத்துவிட்டது. கேட்ட இடம் இல்லை, அதற்கு அடுத்தது. காலையில் முன்பைவிட நேரத்தோடு வீட்டை விட்டுப் புறப்பட வேண்டியிருக்கிறது. அஸ்வெசும என்ற அரச நிவாரணத் திட்டத்தின் முறைப்பாடுகள், தொலைந்த ஆவணங்கள், காணி விண்ணப்பங்கள் என்று வெளிக்கள வேலை நிறைய. களைப்பாக இருக்கிறது என்கிறார். பிடித்திருக்கிறது என்றும் சொல்கிறார்.

அண்ணாவுக்கு முதலில் மனத்தாங்கல். இப்போது வாராவாரம் பேசுகிறார்கள், வெளிக்கிடுவதைப் பற்றி மட்டும் இல்லை. அம்மா கரை சேர்ப்பதைப் பற்றி இன்னும் சொல்கிறார். கல்யாணப் பேச்சும் ஓய்ந்தபாடில்லை. அதற்கு எங்கள் படங்கள் எதிலும் பதில் இல்லை.

கனடாக் கதவை அவர் மூடவில்லை. விடுமுறை விண்ணப்பப் படிவம் நிரப்பாமல் மேசை லாச்சியில் இருக்கிறது. அண்ணா அடுத்த முறை ஊருக்கு வரும்போது தங்கையும் சேர்ந்து மூவரும் உட்கார்ந்து, அப்பாவின் சிகிச்சையை நீண்ட காலத்துக்கு யார் எப்படிப் பார்ப்பது, வீடு யாருக்கு என்ற இரண்டையும் பேசி முடிப்பது என்று தீர்மானித்திருக்கிறார்கள். அது முடிந்த பிறகு அந்தப் படிவத்தை எடுத்துப் பார்ப்பேன் என்று தம்பி சொல்லியிருக்கிறார்.